காட்டுக்குள் ஒரு கடற்கோட்டை

லண்டனின் தென்கிழக்கில், ஷூட்டர்ஸ் ஹில் என்ற குன்றின் மேல், ஓக் மரங்களுக்கு நடுவே மூன்று பக்கம் கொண்ட ஒரு கோபுரம் நிற்கிறது. பெயர் செவர்ன்ட்ரூக் காசில். கோட்டை என்பதெல்லாம் பெயரோடு சரி. அதில் எந்தப் படையும் தங்கவில்லை, எந்த அரசனும் வாழவில்லை, ஒரு முற்றுகைகூட நடக்கவில்லை. 1784-இல் ஒரு பெண்மணி, இறந்துபோன தன் கணவரின் நினைவாகக் கட்டி நிறுத்திய செங்கல் கட்டடம் அது. உண்மையான கோட்டை இருப்பது மகாராஷ்டிரத்தில். இரத்தினகிரி மாவட்டத்து மீன்பிடி ஊரான ஹர்ணைக்கு எதிரே, கடலுக்குள் ஒரு பாறைத் தீவின் மேல் இருக்கும் சுவர்ணதுர்க் கோட்டைதான் இங்கே ஆங்கில உச்சரிப்பில் செவர்ன்ட்ரூக் ஆகியிருக்கிறது.

கொங்கணக் கடற்கோட்டையின் பெயர் லண்டன் காட்டுக்குள் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் போனேன். 89, 486 ஆகிய பேருந்துகள் குன்றின் மேலேயே இறக்கிவிடும். உல்விச் ஆர்சனல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தும் ஏறலாம். லண்டனைச் சுற்றி வரும் ‘கேப்பிட்டல் ரிங்’ நடைபாதை இந்தக் கோபுரத்தின் காலடியிலேயே போகிறது. பெருஞ்சாலையை விட்டு விலகிச் சற்றுத் தூரம் போனதும் வண்டிச் சத்தம் அடங்கிவிடுகிறது. ஓக், பர்ச், ஹார்ன்பீம் மரங்கள். காலடியில் உதிர்ந்த இலை ஈரத்தோடு மெத்தையாகக் கிடக்கிறது. நாயோடு நடப்பவர்கள் எதிர்ப்படுகிறார்கள். பாதை ஒரு மேட்டில் ஏறித் திரும்பும் இடத்தில் திடீரென்று கோபுரம் முன்னால் நிற்கிறது. உயரம் 63 அடிதான். ஆனால் கூர்வளைவு ஜன்னல்களும், மூன்று மூலையிலும் அறுகோணச் சிறு கோபுரங்களும், பக்கத்தில் உயரமாக வேறெதுவும் இல்லாததும் சேர்ந்து அதை இரண்டு மடங்காகக் காட்டுகின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பணம் சேர்ந்தவர்களுக்கு ஒரு மோகம் இருந்தது. தோட்டத்துக் கோடியில் புத்தம் புதிதாக ஓர் ‘இடிந்த’ மண்டபம், குன்றின் உச்சியில் ஆள் இல்லாத ஒரு கோட்டை என்று எதற்கும் பயன்படாத கட்டடங்களைக் கட்டி வேடிக்கை பார்ப்பார்கள். ‘ஃபாலி’ என்று அவற்றுக்குப் பெயர். செவர்ன்ட்ரூக்கையும் அந்த வகையில்தான் சேர்க்கிறார்கள். எனக்கென்னவோ இது வெறும் விளையாட்டுக் கட்டடமாகப் படவில்லை. இது ஒரு வெற்றித் தூண்.

வென்றவர் அந்தக் கணவர், வில்லியம் ஜேம்ஸ். வேல்ஸின் பெம்ப்ரோக்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்து, கடலுக்குப் போய், 1747-இல் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்தவர். நான்கே ஆண்டுகளில் கம்பெனியின் பம்பாய்க் கடற்படைக்குத் தலைவராகிவிட்டார். அப்போது மேற்குக் கரையில் கம்பெனிக்குப் பெரிய தலைவலி ஆங்கரே குடும்பம். மராட்டியக் கடற்படையின் தளபதியாக இருந்த கானோஜி ஆங்கரே, 1729-இல் தான் இறக்கும்வரை, தன் கடலில் போகும் கப்பல்கள் தன்னிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று நடத்திக் காட்டினார். போர்ச்சுகீசியர் அதே கடலில் அதே வேலையைச் செய்தபோது அதற்குப் பெயர் ஆட்சி. ஆங்கரே செய்தபோது ஆங்கிலேயர் அதைக் கடற்கொள்ளை என்று எழுதினார்கள். இன்று இந்தியக் கடற்படையின் மும்பைத் தளம் ஒன்றுக்கு ஐ.என்.எஸ். ஆங்கரே என்று அவர் பெயர்தான்.

கானோஜிக்குப் பின் பிள்ளைகளுக்குள் பங்குச் சண்டை. தெற்குப் பகுதிக் கோட்டைகள் துளாஜி ஆங்கரேயின் கைக்கு வந்தன. துளாஜி ஆங்கிலேயருக்கும் அடங்கவில்லை, சொந்த அரசின் தலைமை அமைச்சரான பேஷ்வாவுக்கும் அடங்கவில்லை. பேஷ்வா நானாசாகேப் என்கிற பாலாஜி பாஜிராவ் ஒரு முடிவெடுத்தார். தன் கடற்படைத் தலைவனை ஒடுக்குவதற்கு ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் போட்டார். இந்தக் கதையில் என்னை உறுத்துவது ஜேம்ஸின் வீரமோ துளாஜியின் தோல்வியோ அல்ல, இந்த ஒப்பந்தம்தான்.

1755 மார்ச் கடைசியில் 44 பீரங்கிகள் பொருத்திய ‘புரொடெக்டர்’ என்ற கப்பலோடு ஜேம்ஸ் புறப்பட்டார். பேஷ்வாவின் படகுகள் கூட வந்தன. சுவர்ணதுர்க்கின் கடலைப் பார்த்த பக்கம் பாறையைக் குடைந்தும் பெருங்கற்களை அடுக்கியும் எழுப்பியது. குண்டுகள் அங்கே பலிக்கவில்லை. அதனால் ஜேம்ஸ் கப்பல்களைத் தீவுக்கும் கரைக்கும் இடையில் இருக்கும் குறுகிய நீருக்குள் கொண்டுபோனார். மிக அருகில் நின்று சுட்டபோது ஒரு குண்டு உள்ளே தீ மூட்டியது. தீ வெடிமருந்துக் கிடங்கைப் பிடித்தது. ஏப்ரல் 2 என்று லண்டன் கோபுர வாசலுக்கு மேலே இருக்கும் கல்வெட்டு தேதி போடுகிறது. கோட்டை விழுந்ததும் ஒப்பந்தப்படி அது பேஷ்வாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதாவது லண்டனில் கோபுரம் எழுப்பிக் கொண்டாடும் அந்தக் கோட்டையை ஆங்கிலேயர் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளவே இல்லை.

அவர்கள் எடுத்துக்கொண்டது வேறு. 1756 பிப்ரவரியில் அட்மிரல் வாட்சனும் ராபர்ட் கிளைவும் துளாஜியின் தலைமைக் கோட்டையான விஜயதுர்க்கைத் தாக்கினார்கள். ஆங்கரேயின் கப்பல்கள் துறைமுகத்திலேயே எரிந்தன. துளாஜி சிறைப்பட்டு, சிறையிலேயே இறந்தார். மராட்டியருக்கென்று இருந்த வலுவான கடற்படை அத்தோடு ஒழிந்தது. அந்தக் கையோடு கிளைவ் வந்து பொறுப்பேற்ற இடம் நம் கடலூரின் புனித டேவிட் கோட்டை. அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து வங்காளம். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் பிளாசிப் போர்.

ஜேம்ஸ் 1759-இல் பெரும் செல்வத்தோடு ஊர் திரும்பினார். கம்பெனியின் இயக்குநர், பிறகு தலைவர், நாடாளுமன்ற உறுப்பினர், பரோனெட் பட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. லண்டனில் அவரும் மனைவி ஆனும் நடத்திய விருந்துகளுக்கு நாவலாசிரியர் லாரன்ஸ் ஸ்டெர்ன் வழக்கமாக வருவார். நம் கன்னியாகுமரிக்கு அதிகத் தொலைவில்லாத அஞ்சுதெங்குவில் பிறந்த எலைசா டிரேப்பரை ஸ்டெர்ன் சந்தித்ததும், வயதுக்கு மீறிக் காதலித்ததும் இந்த நட்பு வட்டத்தில்தான். 1768 மார்ச்சில் சாகக் கிடந்த ஸ்டெர்ன், தன் மகளைப் பார்த்துக்கொள்ளும்படி கடைசிக் கடிதம் எழுதியது ஆன் ஜேம்ஸுக்கு. கல்வெட்டில் ‘பிரதிநிதி’ என்ற அளவில் மட்டும் குறிக்கப்படும் இந்தப் பெண்மணியைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

1783 டிசம்பரில், மகளின் திருமண நாளன்றே, ஜேம்ஸ் இறந்துபோனார். எல்தமில் இருந்த வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் குன்றில் ஆன் கோபுரம் கட்டினார். வடிவமைத்த ரிச்சர்ட் ஜப், கம்பெனிக் கட்டடங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். கோட்டையிலிருந்து கொண்டுவந்த ஈட்டிகளும் கேடயங்களும் உள்ளே சுவரில் தொங்கியதாகப் பழைய வர்ணனைகள் சொல்கின்றன. இப்போது அவை இல்லை.

எதற்கும் பயன்படாத கட்டடம் என்றேன் அல்லவா, கட்டி முடித்த சில ஆண்டுகளிலேயே அது பயன்பட ஆரம்பித்துவிட்டது. கிரீன்விச் வானாய்வகத்தையும் பாரிஸ் வானாய்வகத்தையும் முக்கோண அளவையால் இணைக்கும் பணியில் இறங்கிய ஜெனரல் வில்லியம் ராய், 36 அங்குல வட்டம் கொண்ட பிரம்மாண்டமான கோணமானியை இதன் மொட்டைமாடியில் ஏற்றினார். பிரிட்டனின் வரைபடத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே உருவானது அந்த அளவையிலிருந்துதான். 1848-இல் லண்டனை அளந்த ராணுவப் பொறியாளர்களும் இங்கேயே ஏறினார்கள். இரண்டு உலகப் போர்களிலும் வானத்தைக் கண்காணிக்க இதைப் பயன்படுத்தினார்கள்.

1922-இல் லண்டன் மாநகரசபை கோபுரத்தை வாங்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. கீழ்த்தளத்தில் தேநீர்க்கடை. சுற்றியிருந்த மாளிகைகளெல்லாம் இடிபட்டு, அவற்றின் படித்தளங்களும் ரோஜாப் பாத்திகளும் மட்டும் காட்டுச் சரிவில் மிஞ்சின. 1986-இல், அந்தச் சபையின் இடத்தில் வந்திருந்த கிரேட்டர் லண்டன் கவுன்சிலே கலைக்கப்பட்டபோது கோபுரம் கிரீன்விச் பரோவின் தலையில் விழுந்தது. பராமரிக்கப் பணமில்லை. ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்துப் பூட்டிவிட்டார்கள். ‘கிரேடு டூ ஸ்டார்’ என்ற உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் இருந்த கட்டடம்தான். பட்டியலா வந்து ஓட்டையை அடைக்கும்? கூரை ஒழுகியது, பூச்சு பெயர்ந்தது. அந்தி சாய்ந்தபின் அதைச் சுற்றி ஒருமுறை ஓடிவருவதுதான் தங்கள் பள்ளி நாட்களில் பெரிய வீரம் என்று நாயோடு வந்த ஒருவர் சொன்னார்.

கோபுரம் இப்படிக் கிடந்த அதே ஆண்டுகளில்தான் சுற்றியிருந்த காட்டுக்காக ஊரே போராடிக்கொண்டிருந்தது. ஆக்ஸ்லீஸ் என்ற இந்தக் காட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1600-ஆம் ஆண்டிலிருந்தாவது இடைவிடாமல் காடாக இருந்துவரும் நிலத்தை இங்கிலாந்தில் தொல்காடு என்று தனியாகப் பதிவு செய்கிறார்கள். ஆக்ஸ்லீஸின் சில பகுதிகள் கடைசிப் பனியுகத்துக்குப் பின் முளைத்ததிலிருந்து, ஏறத்தாழ 8,000 ஆண்டுகளாக, காடாகவே இருப்பவை என்கிறார்கள். இன்று அரிதாகிவிட்ட ‘வைல்டு சர்வீஸ்’ என்ற மரம் இங்கே இயல்பாக வளர்கிறது. அடிமட்டத்தில் வெட்டி, தூரிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கவிட்டு, மறுபடி வெட்டும் பழைய முறைக்குச் சாட்சியாகப் பருத்த தூர்களும் இருக்கின்றன. 1984-இல் அறிவியல் முக்கியத்துவம் உள்ள இடமாக அரசே இதை அறிவித்தது. அதே அரசு, தேம்ஸ் நதியின் குறுக்கே புதிய பாலத்துக்குப் போகும் பெருஞ்சாலையை இதன் நடுவே வெட்டவும் திட்டமிட்டது.

பொதுவிசாரணை நடந்தது, அதில் மக்கள் தோற்றார்கள். விடவில்லை. புல்டோசர் வந்தால் குறுக்கே வந்து நிற்போம் என்று ஆயிரக்கணக்கானவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். சுற்றுச்சூழல் மதிப்பீடு முறையாக நடக்கவில்லை என்று ஐரோப்பிய ஆணையம் பிரிட்டனைக் கேள்வி கேட்டது. 1993 ஜூலையில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. பிரிட்டனில் சாலைகளுக்கு எதிராகக் காடு வென்ற வழக்குகளைப் பேசுபவர்கள் ஆக்ஸ்லீஸை விட்டுவிட்டுப் பேச முடியாது.

காட்டைக் காத்த ஊர் கோபுரத்தின் பக்கம் திரும்ப இன்னும் சில ஆண்டுகள் ஆயின. அதைத் தனியாருக்கு அலுவலகமாக விட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, 2002-இல், உள்ளூர்க்காரர்கள் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். 2004-இல் பி.பி.சி.யின் ‘ரெஸ்டோரேஷன்’ நிகழ்ச்சியில் கோபுரம் இடம்பெற்றது. லாட்டரி நிதியும் நன்கொடையும் சேர்ந்து, 2014 ஜூலையில் கதவு திறந்தது. பூட்டிக் கிடந்தது கால் நூற்றாண்டுக்கும் மேல். இப்போது தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். கீழே மறுபடி தேநீர் கிடைக்கிறது.

சுழல் படிகளில் ஏறி மாடிக்கு வந்தால், ஒரு பக்கம் கேனரி வார்ஃப் கண்ணாடிக் கட்டடங்களும் ஷார்டும், மறுபக்கம் கென்ட்டின் பச்சை மேடுகளும். நல்ல வெயில் நாளில் ஏழு மாவட்டங்கள் தெரியும் என்பார்கள். நான் போன அன்று மூட்டம். கீழே டோவருக்குப் போகும் ரோமானியர் காலத்துச் சாலை. வழிப்பறிக்குப் பேர்போன ஏற்றம் அது. தூக்கில் தொங்கிய பிணத்தைக் கடந்துபோனதைச் சாமுவேல் பீப்ஸ் 1661-இல் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். டிக்கன்ஸின் ‘இரு நகரங்களின் கதை’யில் தபால் வண்டி சேற்றில் திணறி ஏறுவதும் இந்த மேட்டில்தான்.

இறங்கி வந்து வாசலுக்கு மேலே இருக்கும் கல்லை மறுபடி படித்தேன். ஜேம்ஸின் வீரம் இருக்கிறது, கம்பெனி இருக்கிறது, தேதி இருக்கிறது. கொங்கணக் கரையை மலபார் என்று போட்டிருக்கிறார்கள். அக்காலத்து ஆங்கிலேயருக்கு மேற்குக் கரை முழுவதும் மலபார்தான், போகட்டும். ஆனால் தோற்றவன் பெயர் இல்லை. கூட நின்று போரிட்ட பேஷ்வாவின் பெயரும் இல்லை. நம் பேராவூரணிக்கு அருகே கடலோரத்தில் மனோரா நிற்கிறது. தஞ்சையின் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட 1814-இல் எழுப்பிய அறுகோணக் கோபுரம். அடிமைத்தனத்தின் சின்னம் என்று அதை யாராவது திட்டினால் நான் மறுக்க மாட்டேன். ஆனாலும் மனோராவின் கல் யார் வீழ்ந்தார் என்பதைச் சொல்கிறது. லண்டன் கல் அதைக்கூடச் சொல்லவில்லை.

கோபுரத்தை இடிக்க வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதை மீட்ட ஊர்க்காரர்கள் கம்பெனியின் புகழுக்காக மீட்கவில்லை. தங்கள் காட்டில் தங்களோடு வளர்ந்த கட்டடம் என்பதற்காக மீட்டார்கள். அந்தக் கல்லையும் தொட வேண்டாம். பக்கத்தில் இன்னொரு பலகை வைத்து, துளாஜி ஆங்கரே யார், அவருடைய கோட்டை எங்கே இருக்கிறது என்று நான்கு வரி எழுதினால் போதும். சுவர்ணதுர்க் ஒன்றும் இன்று முகவரி இல்லாத இடிபாடு அல்ல. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் அதுவும் ஒன்று. அந்தப் பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் செஞ்சிக் கோட்டை மட்டுமே.

லண்டன் போகும் தமிழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். கோபுரம் எல்லா நாளும் திறந்திருக்காது. நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள். அங்கே இருக்கும் தன்னார்வலர்களிடம் அந்தப் பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.