மேட்டுல மட்டும் வண்டி ஏன் இழுக்க மாட்டேங்குது?

"சமதரையில ஜம்முனு போகுது சார், தொப்பூர் மேடு ஏறினா மூச்சு வாங்குது." சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் புகார் இது. பதிலும் தயாராக இருக்கும்: "டர்போ போயிருக்கும், மாத்திடுங்க." தவணை கட்ட வைத்திருந்த பணம் அதிலேயே காலி. மாற்றிய பிறகும் வண்டி இழுக்கவில்லை என்றால், "டிரைவருக்கு ஓட்டத் தெரியல" என்று பழி அவர் தலையில் விழும். டிரைவர்களிடமும் மெக்கானிக்குகளிடமும் கேட்டுச் சேர்த்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. டிரெய்லர், லோடு எல்லாம் சேர்த்து 40 டன் என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் 60 கி.மீ. வேகத்தில் போக, டயர் உருளும் தடைக்கும் காற்றுத் தடைக்கும் சேர்த்துத் தோராயமாக 90 குதிரைத்திறன் போதும். அதே வண்டி, 100 மீட்டருக்கு 4 மீட்டர் உயரும் மேட்டில் 30 கி.மீ. வேகத்தில் ஏற 200 குதிரைத்திறன் வேண்டும். வேகம் பாதியானாலும் தேவை இரண்டு மடங்குக்கு மேல்! 250 குதிரைத்திறன் எஞ்சினில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனாலும் சமதரையில் யாருக்கும் தெரியாது. பழுது மேட்டுல வந்ததில்லை, மேட்டுல வெளியே தெரியுது, அவ்வளவுதான்.

எஞ்சினைத் தொடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். ஆக்ஸிலேட்டர் மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஏதோ ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுடுகிறது என்றால் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. டிரெய்லர் சக்கரங்களையும் மறக்காமல் பாருங்கள்.

அடுத்தது புகை. பழைய வண்டிகளில் இது நல்ல சாட்சி. கறுப்புப் புகை கக்கினால் டீசல் வருகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ் கிழிந்திருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். லோடில் "உஸ்ஸ்" என்று சத்தம் கேட்கும், ஹோஸ் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். புகையே இல்லாமல் இழுவை மட்டும் செத்துப்போனால் டீசல் போதவில்லை: ஃபில்டர் அடைப்பு, டேங்க் மூடியில் காற்றுத்துளை அடைப்பு, அல்லது பைப்பில் எங்கோ ஏர் எடுக்கிறது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் இந்தப் புகைக் கணக்கு செல்லாது. கரியைச் சைலன்சர் பக்கம் இருக்கும் வடிகட்டியே பிடித்துக்கொள்ளும். அது அடைத்தாலோ, ஆட்ப்ளூ தீர்ந்தாலோ கம்ப்யூட்டரே பவரைக் குறைத்துவிடும். டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால், ஸ்பேனரை எடுக்கும் முன் ஸ்கேனரைப் போடுங்கள். ஓடும்போதே, எஞ்சின் கேட்கும் டீசல் அழுத்தமும் கிடைக்கும் அழுத்தமும் ஒத்துப்போகிறதா, டர்போ காற்றழுத்தமும் அப்படியே வருகிறதா என்று அதில் பார்க்கலாம்.

இதையெல்லாம் விடப் பெரிய தடயம் ஒன்று உண்டு: எப்போது இழுவை போகிறது? மேட்டில் கால் வைத்ததுமே மந்தம் என்றால் என் சந்தேகம் காற்றுப் பக்கம் போகும். சில நிமிடம் நன்றாக ஏறிவிட்டுப் பிறகு சாகிறது என்றால் டீசல் வரத்து, அல்லது எஞ்சின் சூடு. சாவியை அணைத்துப் போட்டதும் பவர் திரும்பினால் கம்ப்யூட்டர் பக்கம் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு ஓனருக்கு நடந்தது இது. டர்போ மாற்ற விலை பேசியாகிவிட்டது. டிரைவரோ, "அஞ்சு நிமிஷம் நல்லா இழுக்குதுண்ணே. அப்புறம் செத்துடுது. ஓரங்கட்டி டீ குடிச்சிட்டு வந்தா மறுபடி இழுக்குது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். டீ குடித்தால் டர்போ சரியாகுமா? டேங்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு துணித்துண்டு. மேட்டில் டீசல் உறிஞ்சல் கூடும்போது குழாய் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும்; எஞ்சினை அணைத்தால் விலகி மிதக்கும். அரை நாள் கூலியோடு வேலை முடிந்தது.

ஆகவே வரிசை இதுதான்: டிரைவர் சொல்வது, விளக்கும் ஸ்கேனரும், ஃபில்டர்கள், ஹோஸ், டேங்க், கடைசியில் டர்போவும் பம்பும். காசு குறைவானதிலிருந்து கூடுதலானதுக்குப் போங்க. அதுவரை லோடோடு மலை ஏற வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் 40 டன் நின்றுபோய்ப் பின்னால் உருண்டால், ஸ்கேனர் வைத்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.