பிரகாஷா, கோபிசந்தா, சிந்துவா?

நம் சங்கத்துக் குடும்பங்கள் கூடும்போது, காபிக்குப் பின் பாட்மிண்டன் பேச்சு வராமல் இருப்பதில்லை. பெரியவர்களுக்குப் பிரகாஷ் படுகோனே, நடு வயதினருக்கு கோபிசந்த், பிள்ளைகளுக்கு சிந்து. விடுமுறைக்கு வரும் அமெரிக்கப் பேரன்கள் ஜோர்டனா, லெப்ரான் ஜேம்ஸா என்று தங்கள் கூடைப்பந்து வழக்கையும் சேர்த்துக்கொள்வார்கள்.

செகந்தராபாத்தில் மீட்டர் கேஜ் வண்டியும் பிராட் கேஜ் வண்டியும் ஓடிய காலத்தில் ரயில்வேயில் வேலை பார்த்தவன் நான். இரண்டின் வேகத்தையும் ஒப்பிடுமுன் பாதையைப் பார்ப்பது எங்கள் வழக்கம். விளையாட்டுக்கும் அது பொருந்தும்.

அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்தில் வில்ட் சேம்பர்லின் 1962-ல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். அப்போது மூன்று புள்ளிக் கோடே கிடையாது. அது வந்தது 1979-80 பருவத்தில். பாட்மிண்டனிலும் 2006 வரை சர்வீஸ் போடுபவருக்கு மட்டுமே புள்ளி. எதிராளி ஜெயித்தால் சர்வீஸ்தான் கை மாறும். ஆண்களுக்கு ஆட்டம் 15 புள்ளி. பின்தங்கியவர் பொறுமையாக இழுத்து ஆடி மீளலாம். 2006-ல் வந்த 21 புள்ளி முறையிலோ, யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு தவறும் எதிராளிக்குப் புள்ளியாகும்.

ஆகவே, 1980 ஆல் இங்கிலாந்து இறுதியில் லிம் ஸ்வீ கிங்கை பிரகாஷ் 15-3, 15-10 என்று வென்றதையும், 2019 உலகப் போட்டி இறுதியில் ஒகுஹாராவை சிந்து 21-7, 21-7 என்று வென்றதையும் எண்ணை மட்டும் வைத்து எடை போட முடியாது. பதக்கக் கணக்கும் அப்படியே. ஒலிம்பிக்கில் பாட்மிண்டனுக்குப் பதக்கம் 1992-ல்தான் வந்தது. பிரகாஷிடம் அது இல்லாதது அவர் குறையல்ல.

பின் எதை ஒப்பிடலாம்? ஒவ்வொருவருக்கும் என்ன கிடைத்தது, அவர் அடுத்தவருக்கு என்ன விட்டுச் சென்றார் என்று பார்க்கலாம்.

பிரகாஷ் பழகியது பெங்களூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். அங்கே விசேஷம் இருந்தால் அன்று ஆட்டம் இல்லை. பின்னாளில் அவர் தொடங்கிய பயிற்சிக்கூடத்தில் பயின்றவர்களில் ஒருவர் கோபிசந்த். முழங்கால் அறுவை சிகிச்சைகளைத் தாண்டி வந்து 2001-ல் அதே ஆல் இங்கிலாந்தை வென்றார். 2008-ல் கச்சிபௌலியில் அகாடமி திறந்தார். அவரிடம் பயின்ற சாய்னா 2012-ல் வெண்கலம் வென்றார்.

சிந்துவின் பெற்றோர் இருவரும் வாலிபால் ஆடிய ரயில்வே ஊழியர்கள். செகந்தராபாத் ரயில்வே சிக்னல் பயிற்சி நிலைய கோர்ட்டில் தொடங்கிய சிறுமி, பிறகு மாரெட்பள்ளியிலிருந்து கச்சிபௌலிக்கு அன்றாடம் நெடுந்தூரம் போய் வந்தார். 2016-ல் ரியோவில் வெள்ளி, 2021-ல் டோக்கியோவில் வெண்கலம்.

தத்தம் காலத்தில் மூவருமே உச்சம். ஆனால் ஒரே ஓட்டு என்றால் என் ஓட்டு கோபிசந்துக்கு. பிரகாஷின் வெற்றிக்கும் அவருடையதற்கும் இடையே 21 ஆண்டுகள். அடுத்து வந்தவர்களுக்குத் தண்டவாளம் போட்டவர் அவர். பாதை போட்டவனின் பெயர் டைம்டேபிளில் இருக்காது. வண்டி ஓடுவது அவனால்தான்.

விடியுமுன் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அழைத்துப் போகும் பெற்றோர் நம்மில் பலர். அவர்களுக்கு ஒரு வார்த்தை: “சிந்து மாதிரி வருவாயா?” என்று கேட்காதீர்கள். சிந்துவுக்கு வாய்த்த வீடு வேறு, காலம் வேறு. போன மாதத்தைவிட இந்த மாதம் நன்றாக ஆடுகிறதா குழந்தை? எந்தக் காலத்துக்கும் பொருந்தும் அளவுகோல் அது ஒன்றே.