பெயரில்லாத மரணங்களும் விக்டோரியா காலத் துப்பறியும் கதைகளும்

இலண்டன் நகரின் மூடுபனி, கல் பாவிய வீதியில் ஓடும் குதிரை வண்டி, எரிவாயு விளக்கின் மங்கிய ஒளி, இவற்றினிடையே ஒரு கொலை. விக்டோரியா மகாராணி ஆட்சி புரிந்த 1837 முதல் 1901 வரையான காலத்தைக் களமாகக் கொண்ட துப்பறியும் புதினங்கள் என்றதும் வாசகர் மனத்தில் எழும் சித்திரம் இதுவேயாகும். ஆங்கிலத்திலும் மொழிபெயர்ப்பிலும் திரைத் தொடர்களிலும் இக்கதைகளை நம்மவர் பலர் விரும்பிச் சுவைக்கின்றனர். ஆனால், அதே மகாராணியின் ஆட்சியின் கீழேதான் பதுளையும் ஊவாவின் மலைத்தோட்டங்களும் இருந்தன என்பதை அவர்களுள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்? இக்கதை வகையின் இயல்பையும், அதற்கும் நமக்கும் உள்ள தொடர்பையும் இங்கு நோக்குவோம்.

விக்டோரியா காலத் துப்பறியும் கதைகளை இரு பிரிவாக வகுக்கலாம். முதலாவது, அக்காலத்திலேயே எழுதப்பட்டவை. வில்கி கொலின்ஸ் எழுதி 1868இல் வெளிவந்த ‘சந்திரகாந்தக் கல்’, 1887இல் ஆர்தர் கொனன் டொயில் அறிமுகப்படுத்திய ஷெர்லக் ஹோம்ஸின் கதைகள் ஆகியன இப்பிரிவைச் சேர்ந்தவை. இரண்டாவது, பிற்காலத்தவர் அக்காலத்தை மீளக் கற்பனை செய்து எழுதியவை. பீட்டர் லவ்சி 1970இல் வெளியிட்ட தமது முதல் நாவலை 1879ஆம் ஆண்டு இலண்டனில் அமைத்தார். ஆன் பெரி 1979இல் வெளியிட்ட தமது முதல் நாவலை 1881இல் அமைத்தார். இவர்களைப் பின்பற்றி எழுந்த நூல்கள் பலவாகும்.

இரண்டாம் பிரிவு எழுத்தாளருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அக்காலத்தவர் கேட்காமல் விட்ட கேள்விகளை அவர் கேட்கலாம். வீட்டுப் பணிப்பெண்ணுக்கு என்ன நேர்ந்தது, ஆலைத் தொழிலாளியின் சாவை யார் விசாரித்தனர், குடியேற்ற நாட்டு மக்கள் அந்தப் பேரரசை எவ்வாறு கண்டனர் என்பன அத்தகைய கேள்விகள்.

குடியேற்ற நாடுகள் பழைய கதைகளில் இல்லாமலில்லை. ‘சந்திரகாந்தக் கல்’ நாவலின் வைரம் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொள்ளையிடப்பட்டதாகும். ஹோம்ஸின் ‘நால்வர் கையொப்பம்’ 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது ஆக்ராவில் கைமாறிய புதையலைச் சுற்றி எழுந்தது. 1891இல் வெளிவந்த ஒரு சிறுகதையில் நமது திருகோணமலையும் இடம்பெறுகிறது. அங்கு நிகழ்ந்த அட்கின்சன் சகோதரர்களின் துயரச் சம்பவத்தை ஹோம்ஸ் துலக்கினார் என்று ஒரு வரி கூறிச் செல்கிறது. அச்சம்பவம் யாதென்று கொனன் டொயில் எழுதவேயில்லை.

இன்னொரு கதை நமது சிந்தனைக்குரியது. 1892இல் வெளிவந்த ‘புள்ளிப் பட்டை’ என்ற புகழ்பெற்ற கதையில் ஓர் ஆங்கிலப் பெண்ணின் மரணத்தை ஹோம்ஸ் துப்புத்துலக்குகிறார். கொலையாளியான மருத்துவர் அதற்கு முன்னர் கல்கத்தாவில் வாழ்ந்தவர். வீட்டில் நடந்த திருட்டினால் கோபமுற்று, தமது இந்தியப் பணியாளரை அங்கு அடித்தே கொன்றவர். தூக்குத் தண்டனையிலிருந்து தப்பி நெடுங்காலம் சிறையிருந்தார் என்று கதை கூறுகிறது. அப்பணியாளருக்குக் கதையில் பெயரில்லை, குடும்பமில்லை. கொலையாளியின் முரட்டுக் குணத்தை விளக்குவதோடு அவரது கடமை முடிந்துவிடுகிறது.

துப்பறியும் கதைக்கென்று ஓர் அறம் உண்டு. ஒரு மனித உயிர் போயிருந்தால் அது யார், எவ்வாறு, எவரால் என்று இறுதிவரை விசாரிக்க வேண்டும் என்பதே அது. இறந்தவர் செல்வந்தராயினும் ஏழையாயினும் விடை கிடைக்கும்வரை வாசகர் நூலைக் கீழே வைப்பதில்லை. அந்த உரிமை கல்கத்தாப் பணியாளருக்கு மறுக்கப்பட்டது. ஊவாவின் தோட்டங்களில் மாண்ட எண்ணற்றோருக்கும் மறுக்கப்பட்டது.

தமிழுக்கு இக்கலை புதிதன்று. கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணியும் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையின் ஆசிரியருமான அறிஞர் சித்திலெப்பை 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்ற நாவலை வெளியிட்டார். ஈழத்தின் முதல் தமிழ் நாவலாக இலக்கிய வரலாற்றாசிரியர் பலரும் இதனைக் கொள்வர். கெய்ரோவில் கடத்தப்பட்ட குழந்தை பம்பாயில் வளர்ந்து, கல்கத்தா சென்று, தன் பிறப்பின் மர்மத்தை அறியும் கதை அது. ஹோம்ஸ் தோன்றுவதற்கு ஈராண்டுகள் முன்னரே மலையகத்தின் தலைநகரில் வாழ்ந்த ஒரு முஸ்லிம் அறிஞர் மர்மமும் சாகசமும் கலந்த நாவலைத் தமிழில் தந்துவிட்டார் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கதாகும். தமிழகத்தில் பண்டித நடேச சாஸ்திரி 1894இல் தானவன் என்ற பொலிஸ் நிபுணரைக் கொண்டு துப்பறியும் கதைகளை எழுதினார். அண்மைக் காலத்தில் நெவ் மார்ச் என்ற எழுத்தாளர் 1892ஆம் ஆண்டுப் பம்பாயின் பார்சி சமூகத்தைக் களமாக்கி எழுதிய ஆங்கில நாவல் 2020இல் வெளிவந்து வரவேற்பைப் பெற்றது. பம்பாய்க்கு இயன்றது பதுளைக்கு இயலாதா?

களத்துக்குரிய செய்திகள் இங்கு நிறைந்துள்ளன. 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. பல துரைமார் கடனாளிகளாயினர். 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பகுதியின் தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கினார். புகையிரதம் 1893இல் ஹப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் வந்தடைந்தது. 1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகள் ஆயிரக்கணக்கில் தியத்தலாவை முகாமுக்குக் கொண்டுவரப்பட்டனர். நமது நீதிமன்றங்கள் இன்றும் அடிப்படையாகக் கொண்டுள்ள தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்கும், சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டுக்கும் உரியவை. மர்மக் கதைக்கு இதனினும் வளமான பின்னணி வேறென்ன வேண்டும்?

அக்கால மரணங்கள் நினைவுகூரப்பட்ட விதத்தில் இருந்த ஏற்றத்தாழ்வையும் இங்கு காணலாம். பதுளையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றிய மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் எனக் கூறப்படுபவர். 1845ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். அவரது நினைவாகப் பதுளையில் புனித மாற்கு தேவாலயம் எழுந்தது. நுவரெலியாவிலுள்ள அவரது கல்லறையையும் மின்னல் விடவில்லை என்ற கதை இன்றும் வழங்குகிறது.

அதே ஆண்டுகளில் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வழியாக மலையேறிய தமிழகத் தொழிலாளர், வாந்திபேதியாலும் பசியாலும் காட்டுவழியில் மடிந்தனர். 1840களில் மாத்திரம் இவ்வாறு மாண்டோர் 70,000 பேர் என்று கொழும்புப் பத்திரிகையொன்று 1849இல் எழுதியது. அத்தொகையைப் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், சாவு பெருமளவில் நிகழ்ந்தது என்பதில் ஐயமில்லை. 1864இல் தொழிலாளரை ஏற்றிவந்த ‘ஆதிலட்சுமி’ கப்பல் மூழ்கி நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவர்களுக்குத் தேவாலயமும் எழவில்லை, கல்லறையும் எழவில்லை.

தோட்டத்தை அடைந்தவரும் பெரிய கங்காணியின் கடன் கணக்குக்குள் அடங்கினார். கடன் தீர்ந்ததற்கான துண்டு இன்றி வேறு தோட்டத்தில் வேலை பெற இயலாது. இத்துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. கடனுக்கு அஞ்சி இரவோடிரவாகத் தோட்டத்தை விட்டு ஓடியோரும் பலர். இங்கேதான் ஒரு மர்மக் கதையின் வித்து உள்ளது. காலைப் பிரட்டுக்கு ஒருவர் வரவில்லை. ‘ஓடிப்போனவர்’ என்று செக்ரோலில் எழுதப்படுகிறது. அவர் உண்மையில் ஓடித்தான் போனாரா? தோட்ட வழக்கில் ஒரு நாள் வேலைக்கு ‘பேர்’ என்றே பெயர். பேர் விழாத ஒருவரைப் பற்றி யார் கேட்பார்? லயத்திலிருக்கும் மனைவி கேட்பாள். அவளது கேள்வியை எடுத்துச் செல்ல ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவரை நகரத்துக் கடைவீதியில் தேடலாம். கண்டி இராச்சிய காலத்திலேயே தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வணிகத்தில் முஸ்லிம்கள் ஊவாவின் கணவாய்களை அறிந்திருந்தனர். பிற்காலத்தில் பதுளை, வெலிமடை, பண்டாரவளைக் கடைகளில் கடன் கொப்பி எழுதிய முஸ்லிம் வணிகருக்கு எந்தத் தோட்டத்தில் எவர் வந்தார், எவர் வரவில்லை என்பது துரைக்கு முன்னரே தெரியவந்திருக்கும். செக்ரோலும் கடைக் கொப்பியும் முரண்படும் ஓரிடம் போதும், துப்பறிவாளருக்கு வேலை கிடைத்துவிடும். இரு சமூகங்களின் அன்றாட உறவை அரசியல் மேடையை விட இயல்பாக இத்தகைய கதை எடுத்துரைக்கும்.

முன்னோர் பட்ட துன்பத்தைப் பொழுதுபோக்காக்குவது தகுமா என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. ஹோம்ஸுக்கு வேட்டி கட்டி ஹப்புத்தளையில் நடமாட விடுவதால் யாதொரு பயனுமில்லை. காலப் பிழையும் கூடாது. 1850இல் நிகழும் கதையின் ஊவாவில் கோப்பி இருக்கலாம், தேயிலைத் தோட்டம் இருக்க முடியாது. பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924இல். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் முடிந்ததும் இருபதாம் நூற்றாண்டில்தான். உண்மையை மதித்து எழுதப்படும் கதை இறந்தோரை இழிவுபடுத்தாது. அவர்களுக்குக் கிடைக்காத விசாரணையை அது வாசகர் மன்றத்தில் நடத்தும்.

இது பழங்கதை மாத்திரமன்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை மூடியபோது, புதையுண்டோர் எத்தனை பேர் என்ற தொகை நாளுக்கு நாள் மாறியது. யார் எவர் என்ற பதிவு சீராக இல்லாத மக்கள் மரணத்திலும் எண்ணிக்கைக்குள் அடங்குவதில்லை.

2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு வருகையை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் நிகழ்ந்தது. நடந்தோரின் கால்கள் தொட்ட பாதையை இனி எழுத்தும் தொட வேண்டும். கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளும் நிர்வாக அறிக்கைகளும் உள்ளன. 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் பழைய தமிழ் நூல்களும் பத்திரிகைகளும் பேணப்படுகின்றன. இளம் எழுத்தாளர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

வாசகர்களுக்கும் இதில் பங்குண்டு. வீட்டுப் பெட்டகத்தில் பாட்டனாரின் துண்டோ, தகரச் சீட்டோ, பழைய கடைக் கணக்கேடோ கிடந்தால் குப்பையென எரித்துவிட வேண்டாம். அதில் எழுதப்பட்டுள்ள ஒரு பெயர், எவரும் இதுவரை விசாரிக்காத ஒரு மனிதருடையதாக இருக்கக்கூடும்.