வனிலா: மணமும் உழைப்பும்

பாயசத்திற்கு ஏலம் எத்தகையதோ, அத்தகையதே மேல்நாட்டு இனிப்புகளுக்கு வனிலா. கொடியாய்ப் படரும் ஆர்க்கிட் இனமாகிய வனிலா பிளானிஃபோலியாவின் தாயகம் மெக்ஸிகோ. அங்கு டோட்டோனாக் மக்கள் இதனைப் பேணினர். அஸ்டெக் பிரபுக்கள் கொக்கோ பானத்தில் கலந்து பருகினர்.

பிற நாடுகளில் நட்ட கொடிகள் பூத்தனவேயன்றிச் செவ்வனே காய்க்கவில்லை. 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியுஸ் என்னும் 12 வயது அடிமைச் சிறுவன், சிறு குச்சியினால் மகரந்தம் சேர்க்கும் எளிய முறையைக் கண்டான். மடகாஸ்கரின் பெருவிளைவுக்கு அதுவே அடிப்படை. அவனோ 1880இல் வறுமையில் மாண்டான்.

மடகாஸ்கர், ரீயூனியன் காய்கள் 'பூர்பொன்' எனப் பெயர் பெற்றவை, இனிமை செறிந்தவை, கஸ்டர்டு, ஐஸ்கிரீமுக்கு ஏற்றவை. மெக்ஸிகோக் காயில் சற்றே கார மணம் உண்டு. தாஹிட்டியில் விளைவது வேறோர் இனம். சோம்பையும் மலரையும் ஒத்த மணமுடையது. காயைப் பிளந்து, விதைகளைச் சுரண்டிப் பாலிலிட்டுக் காய்ச்சுவர். எஞ்சிய தோலைச் சர்க்கரையில் புதைத்தால் அதுவும் மணக்கும்.

பச்சைக் காய்க்கு இம்மணம் இல்லை. ஏறக்குறைய 9 மாதம் முற்றியபின் பறித்து, வெந்நீரில் அமிழ்த்தி, போர்த்து வியர்க்கவிட்டு, வெயிலில் உலர்த்தி, பெட்டியில் பல மாதம் பதப்படுத்த வேண்டும். 5, 6 கிலோ பச்சைக் காய் 1 கிலோவாகச் சுருங்கும்.

2003ஆம் ஆண்டளவில் விலை உச்சியிலிருந்தபோது கேரளத்திலும் கர்நாடகத்திலும் பலர் இக்கொடியை நட்டனர்; அடுத்து விலை சரிந்ததும் பலர் கைவிட்டனர். ஆகவே, நட விழையும் அங்கத்தினர் இதனை ஊடுபயிராக மட்டுமே கொள்க. பச்சையாக விற்பவர்க்குப் பதப்படுத்துவதன் ஊதியம் கிட்டாது. தனியொருவர்க்கு அரிதான அப்பணி சங்கமாய்க் கூடினால் கைகூடும் என்பதே நம் கருத்து.