கோடை ஆய்வகத்துக்கு ஐப்பசியிலேயே விண்ணப்பம்

தாராபுரத்திலிருந்து உடுமலைக்கும் திருப்பூருக்கும் தினமும் பஸ் ஏறி பி.எஸ்சி. படிக்கிற பிள்ளைகள் பலருக்கு, தேர்வு முடிந்ததும் விடுமுறை என்பது பனியன் கம்பெனி வேலைதான். அதே இரண்டு மாதத்தை உதவித்தொகையோடு ஓர் ஆய்வகத்தில் கழிக்க வழி இருக்கிறது.

1934-இல் சர் சி.வி. ராமன் பெங்களூருவில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமி, டெல்லி, பிரயாக்ராஜ் அகாடமிகளோடு சேர்ந்து கோடை ஆய்வு உதவித்தொகை வழங்குகிறது. தேர்வாகும் மாணவர் ஒரு விஞ்ஞானியிடம் இரண்டு மாதம் இருந்து வேலை கற்று, கடைசியில் அறிக்கை எழுதித் தர வேண்டும். ரயில் கட்டணமும் உண்டு. பெரிய கண்டுபிடிப்பை யாரும் எதிர்பார்ப்பதில்லை. கண்ணாடிக் குடுவை கழுவுவதும், தவறிப்போன சோதனையைத் திரும்பச் செய்வதும்தான் பாதி நாள். பாடப்புத்தகத்தில் முடிந்துபோன விஷயமாகத் தெரிந்த அறிவியல், அங்கேதான் முடியாத வேலையாகத் தெரியும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் கோட்டை விடுவது மதிப்பெண்ணில் என்று எனக்குத் தோன்றவில்லை; தேதியில்தான். கோடைக்கான விண்ணப்பம் பெரும்பாலும் முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே முடிந்துவிடும். மார்ச்சில் விசாரித்தால் அடுத்த வருஷம்தான்.

அடுத்தது, ஏன் வர விரும்புகிறீர்கள் என்று எழுதும் சில வரிகள். ‘சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம்’ என்று எல்லோரும்தான் எழுதுவார்கள். ‘அமராவதிக் கரையோரக் கிணறுகளில் உப்பு ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது, அதை அளக்கக் கற்க வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

வெளியூருக்கு அனுப்ப வீட்டில் தயங்கினால் கோவை இருக்கிறது. 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம், வேளாண் பல்கலைக்கழகம், ஆனைகட்டியில் சாலிம் அலி மையம் என்று வரிசையாக ஆய்வகங்கள். விஞ்ஞானிகளுக்கு நேரடியாகவே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம். பலர் பதில் போட மாட்டார்கள். அதற்காக மனம் தளர வேண்டாம். செமஸ்டர் தேர்வு எந்தத் தேதியில் முடியும் என்பதையும் அந்த மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள். உதவித்தொகை இல்லாத இடமாக இருந்தால் தங்குமிடச் செலவை முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பரிந்துரைக் கடிதம் உங்கள் ஆசிரியர் தர வேண்டியது. கடைசி நாளில் போய் நிற்காமல், ஆயுத பூஜை விடுமுறைக்கு முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள்.