மலடி என்னும் பழிச்சொல்

காஞ்சியில் காமாக்ஷி அம்மன் ஆலயத்து ஸந்தான ஸ்தம்பத்தை வலம் வரும் ஸ்திரீகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஏகாம்பரநாதர் சந்நிதி மாமரத்தடியிலும் இத்தகைய வேண்டுதல் உண்டு. தெய்வத்தை வேண்டுவதில் பிழையொன்றுமில்லை. ஆயினும், விவாகமாகிச் சில வருஷங்கள் சென்றும் தொட்டில் ஆடாத வீட்டில் "மலடி" என்ற சொல் கூசாமல் புழங்குகிறதே, அதுதான் நம் மனத்தை உறுத்துகிறது. ஊரார் கலியாணங்களுக்கெல்லாம் கூறைப்புடவை நெய்து தரும் வீட்டுப் பெண்ணையே அக்கலியாணத்தில் முன்னே நிற்கவிடாத கொடுமையை என்னென்பது!

கருப்பையின் இரு பக்கத்திலும் சுமார் 4 அங்குல நீளமுள்ள இரண்டு குழாய்கள் இருக்கின்றன. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலி தேசத்துப் பாதுவா நகரில் போதித்த பலோப்பியோ என்னும் பண்டிதர் இவற்றை விவரித்தமையால், அவர் பெயரே இவற்றுக்கு வழங்குகிறது. சூலகத்தினின்று வெளிப்படும் முட்டையை, குழாயின் நுனியில் முந்தானைக் குஞ்சம்போல் தொங்கும் விரல்கள் ஏந்திக்கொள்கின்றன. கரு உண்டாவது இக்குழாயினுள்ளேதான். பாதையோ ஓரிடத்தில் ஊசி நுழையும் அளவே.

நோய்க்கிருமி புகுந்தால் குஞ்சம் ஒட்டிக்கொண்டு வாய் அடைபடும். உள்ளே நீர் தேங்கிக் குழாய் பைபோல் வீங்கும். பிரசவத்திற்கோ கருச்சிதைவுக்கோ பின் நேரும் தொற்றும், புருஷனிடமிருந்து வரும் தொற்றும் இதற்குக் காரணமாகலாம். நம் தேசத்தில் முக்கியமான இன்னொரு காரணம் க்ஷயரோகம். அது நுரையீரலுக்கு மட்டுமே உரியதன்று. ரத்தத்தின் வழியே குழாய்களையும் அடைந்து, யாதொரு வலியுமின்றி அவற்றைப் பாழாக்கிவிடும். மருந்தினால் ரோகம் தீரும், தழும்பு தீராது.

கருப்பையினுள் ஒருவகைத் திரவத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால் அடைப்பு புலப்பட்டுவிடும். ஆனால் பரீக்ஷை மனைவிக்கு மட்டுமா? குறை புருஷனிடத்திலும் இருக்கக்கூடும். அவனுக்குரிய பரீக்ஷை மிகவும் எளிது. அதை ஒத்திப்போட்டுவிட்டு மகனுக்கு இரண்டாம் பெண் தேடும் மாமியார்மார் இதைக் கவனிப்பார்களாக.

குழாய் வழி அடைபட்டால், முட்டையை வெளியே எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் கருவாக்கி உள்ளே வைக்கிறார்கள். அங்கும் அந்த நீர் சும்மா இருப்பதில்லை. கருப்பைக்குள் கசிந்து, கரு தங்கும் வாய்ப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. ஆகவே வீங்கிய குழாயை முன்னதாகவே நீக்கும்படியோ கட்டிவிடும்படியோ வைத்தியர்கள் சொல்கிறார்கள். "குழாயையே எடுத்துவிட்டால் குழந்தை ஏது?" என்று பெண்கள் கலங்குவது இயல்பே. இம்முறையில் கரு குழாயின் வழியே செல்வதில்லையாதலால் அந்தக் கலக்கம் வேண்டுவதில்லை.

இம்முறையில் உலகின் முதற்குழந்தை 1978 ஜூலை 25-இல் இங்கிலாந்தில் பிறந்தது. அதன் தாய்க்கும் குழாய் அடைப்புத்தான். அதே வருஷம் அக்டோபர் 3-இல் கல்கத்தாவில் துர்க்கா பிறந்தாள். அவள் தாயின் குழாய்களும் பழுதுற்றவையே. சொற்பமான கருவிகளைக் கொண்டு இதைச் சாதித்தவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயர். கருவை உறையவைத்துக் காத்துப் பின் உபயோகித்த அவ்வித்தகரை மேற்கு வங்காள சர்க்கார் நியமித்த குழு நம்பவில்லை. கண் வைத்திய ஸ்தாபனத்துக்கு மாற்றப்பட்ட அவர், 1981 ஜூன் 19-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1986-இல் பம்பாயில் பிறந்த குழந்தையே பாரதத்தின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை எனக் கொண்டாடப்பட்டது. அதற்குக் காரணமானவருள் ஒருவரான விஞ்ஞானி ஆனந்தகுமார், பிற்பாடு முகோபாத்யாயரின் குறிப்பேடுகளை ஆராய்ந்து, முதன்மை தமக்குரியதன்று, அவருக்கே உரியது என 1997-இல் எழுதி வெளியிட்டார்.