ஏற்காட்டு வளைவுகளில் சிடி திக்காமல் பாட

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மலை மறைக்கும் இடங்களில் எஃப்எம் கரகரக்கும். செல்போனில் சிக்னல் வந்து வந்து போகும். அதனால் காரோடு வந்த கம்பெனி செட்டில் சிடி போட்டுக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடையில் வாங்கிய சிடி கணீரென்று பாடுகிறது, வீட்டில் எழுதியது மட்டும் மந்தமாகக் கேட்கிறது, திக்குகிறது என்பதுதான் அவர்கள் குறை. பழியைச் செட்டின் மேல் போடுமுன் கோப்பைப் பாருங்கள்.

ஆடியோ சிடியில் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகளாக, 16 பிட்டில் பதிவாகிறது. 128 கேபிபிஎஸ் எம்பி3 பாட்டை ஆடியோ சிடியாக எழுதினால் அளவு பெருகும். சுருக்கும்போது கழித்த ஒலி திரும்பாது. ஜால்ராவும் சிம்பலும் சலசலத்தால் காரணம் அதுதான். 128-ஐ 320 ஆக மாற்றினாலும் வட்டில் இடம்தான் வீண். கையில் அசல் சிடி இருந்தால் அதிலிருந்தே புதிதாக எடுப்பது நல்லது.

ஆடியோ சிடியில் 80 நிமிடம்தான் அடங்கும். 192 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் அதே வட்டில் எட்டு மணி நேரம். இரண்டாம் கியரில் இன்ஜின் உறுமும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவது அரிது. தவிர, எம்பி3-க்குத் தரவு குறைவாகப் போதும் என்பதால் செட்டின் நினைவகம் அதிக நேரப் பாட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். குலுக்கலில் லென்ஸ் தடுமாறினாலும் பாட்டு நிற்காது. செட்டின் முகப்பில் எம்பி3 என்று போட்டிருந்தால் மலைக்கு அதையே எழுதுவேன்.

சிடி-ஆர் வாங்குங்கள், சிடி-ஆர்டபிள்யூ வேண்டாம். அச்சு சிடி ஒளியில் சுமார் 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஆர்டபிள்யூ கால்வாசியைக்கூட எட்டாது. பழைய செட்டின் லென்ஸுக்கு அது போதாது. எழுதும் வேகத்தை உச்சத்தில் வைக்காமல் நடுவில் வையுங்கள். கடைசியில் ‘ஃபைனலைஸ்’ செய்ய மறந்தால் கணினியில் பாடும், காரில் பாடாது.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் நுழைவு வளைவைத் தாண்டும்போது அவர்கள் படப் பாட்டு கேட்கத் தோன்றுவது இயல்பு. ‘மந்திரி குமாரி’ 1950-இல் வந்த படம். பாட்டுகள் மோனோ, சத்தமும் தணிவு. அடுத்து புதுப்பாட்டு வந்தால் காது கிழியும். எழுதுமுன் மென்பொருளில் எல்லாப் பாட்டின் ஒலியளவையும் சமன் செய்துவிடுங்கள். பாஸைக் கூட்டும் ஆசையையும் அடக்க வேண்டும். இன்ஜின் இரைச்சல் கீழ் ஒலிகளை விழுங்குவதால் கை தானாக அங்கே போகும். கம்பெனி ஸ்பீக்கரோ உடனே கொரகொரக்கும். பாஸை இரண்டு புள்ளி குறைத்து வால்யூமைக் கூட்டினால் குரல் தெளியும்.

ஏற்காட்டில் இரவு முழுக்கப் பனியில் நின்ற காரில் காலையில் சிடி ஓடவில்லை என்றால் பதற வேண்டாம். குளிர்ந்த லென்ஸில் ஈரக்காற்று பட்டு நீராவி படிந்திருக்கும். வட்டை வெளியே எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் செட்டைச் சும்மா ஓடவிட்டால் காய்ந்துவிடும். காகித லேபிள் ஒட்டிய சிடியை மட்டும் காரில் போடவே கூடாது: சேலத்து வெயிலில் பசை இளகி உள்ளேயே ஒட்டிக்கொண்டால், டாஷ்போர்டைக் கழற்றித்தான் எடுக்க வேண்டிவரும்.